சுங்கை சிப்புட்டில் ரயில் பார்ப்பது: நோட்டுப் புத்தகம் முதல் காராய் பாலம் வரை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கடிகாரம் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் நேரம் தெரியாதவர் யாரும் இல்லை. விடிவதற்கு முன் வடக்கே போகும் வண்டியின் சத்தம் கேட்டால் பாட்டி எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பார். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அந்தச் சத்தத்திலேயே இருந்தது. வண்டி தாமதமானால் லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். "மெயிலு இன்னும் போகலியே, என்னாச்சு?" என்ற கேள்விதான் அன்றைய முதல் செய்தி.

இப்போது பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் தாமான் என்ற புதுக் குடியிருப்பு வீடுகள். தண்டவாளம் மட்டும் அதே பள்ளத்தாக்கில்தான் ஓடுகிறது. பதினோரு வருடங்களாக நான் அதன் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். போகிற வண்டியின் எண், நேரம், திசை, இழுக்கும் எஞ்சின் ஆகியவற்றைக் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. பாட்டி காதால் செய்ததை நான் பென்சிலால் செய்கிறேன், அவ்வளவுதான். உங்கள் ஊர் வழியாக என்ன போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. அதை எப்படித் தொடங்குவது என்பதை முழுமையாகச் சொல்லப் பார்க்கிறேன். நான் சொல்வது சுங்கை சிப்புட்டை வைத்துத்தான். பாதை ஓரத்தில் இருக்கும் எந்தத் தோட்டப்புற ஊருக்கும் இது பொருந்தும்.

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. வண்டி எண் குறிக்கும் பழக்கம் பெரிய அளவில் பரவியது இங்கிலாந்தில். தெற்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர் 1942-இல் எஞ்சின் எண்களைத் தொகுத்து ஒரு சிறு கையேடு வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு பிளாட்பாரங்களில் கூடத் தொடங்கினார்கள். ஜப்பானில் இதற்குள்ளேயே பிரிவுகள் உண்டு: படம் எடுப்பவர்கள் தனி, பயணம் செய்பவர்கள் தனி, சத்தத்தைப் பதிவு செய்பவர்கள் தனி. இன்று கைப்பேசி வீடியோக்கள் வழியாக இருபது வயதுப் பிள்ளைகள் மறுபடியும் இதற்குள் வருகிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. எந்நேரமும் ஏதாவது ஒன்று வந்து விழுந்துகொண்டே இருக்கும் திரையை விட்டு, ஒன்று வருவதற்காகக் காத்திருப்பது அவர்களுக்குப் புதிய அனுபவம்.

முதல் படி: எது போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உடனே கேமராவைத் தூக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் வெறுமனே பாருங்கள். நம் பாதையில் அடிப்படையில் இரண்டு வகை வண்டிகள்: ஆள் ஏறுவது, சரக்கு ஏறுவது.

ஆள் ஏறுவதில் நம் ஊருக்கு முக்கியமானது இ.டி.எஸ். மின்சார வண்டி. 2010-இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தொடங்கியது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைப் பாதை போட்டு முடித்த பிறகு, 2015-இல் வடக்கு எல்லை வரை ஓட ஆரம்பித்தது. ஆறு பெட்டி, இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை. தென்கொரியாவில் செய்த 91 வகை முதலில் வந்தது, ஐந்து தொகுப்பு மட்டும். சீனாவில் செய்த 93 வகை பிறகு வந்தது, எண்ணிக்கையிலும் அதிகம். முகத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். பத்து வண்டி பார்த்தபின் உங்களுக்கே பிடிபடும். 91 வகை குறைவு என்பதால் அது வந்தால் என் பென்சில் கொஞ்சம் வேகமாக ஓடும்.

இந்த வண்டிகள் எல்லாம் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. நிற்காமல் போகும் வண்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர். ஒரு பந்துத் திடலின் நீளத்தை மூன்று விநாடிக்குள் தாண்டிவிடும். அந்த வேகத்தை உடம்பில் உணர்ந்த பிறகு, தண்டவாளத்தின் பக்கம் ஏன் போகக்கூடாது என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மனம் சரக்கு வண்டியில்தான். மேலே மின்கம்பி இருந்தாலும் சரக்கை இழுப்பவை டீசல் எஞ்சின்கள். 2003, 2004 வாக்கில் வந்த 26 வகையை 'ப்ளூ டைகர்' என்பார்கள், மொத்தம் இருபது. சீனாவின் டாலியனில் செய்த 29 வகையும் இருபதுதான். எஞ்சின் எண் ஐந்து இலக்கம். முதல் இரண்டு இலக்கம் வகையைச் சொல்லும், கடைசி இரண்டு அந்த வகையில் அது எத்தனையாவது என்று சொல்லும். 26-இல் தொடங்கி 07-இல் முடிந்தால் ப்ளூ டைகரில் ஏழாவது. இது புரிந்துவிட்டால் தூரத்திலிருந்து இரண்டு இலக்கம் மட்டும் கண்ணில் பட்டாலும் பாதி வேலை முடிந்தது. பல எஞ்சின்களுக்குப் பெயர்ப்பலகையும் உண்டு. எண்ணோடு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அவை ஆட்களைப் போல நினைவில் நிற்கும்.

இவை என்ன சுமக்கின்றன? காந்தான் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகளைத் தாண்டித்தானே ஈப்போவுக்குப் போகிறோம், சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் சிமெண்ட் இருக்கும். உருளை வயிறு கொண்ட சிமெண்ட் வண்டிகள் அதனால்தான். அப்புறம் கொள்கலன் வண்டிகள், துறைமுகங்களுக்கும் தாய்லாந்து எல்லைக்கும் இடையே போய் வருபவை. மலேசியாவிலும் தாய்லாந்திலும் தண்டவாள அகலம் ஒன்றே, ஒரு மீட்டர். எல்லையில் சக்கரம் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எங்கே நிற்பது

தோட்டத்துக் காலத்தில் தண்டவாளத்தின் மேலேயே நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் நிறைய பேர். அந்த நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். இரட்டைப் பாதை வந்தபோது ரயில் கேட்டுகளை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டினார்கள், இரண்டு பக்கமும் வேலி போட்டார்கள். வேலிக்கு உள்ளே போவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். வீட்டு மின்சாரத்தைப் போல இதைத் தொட்டால்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது, கிட்டே போனாலே தாவும். பாலத்தின் மேலிருந்து குடை, செல்பி கம்பு, தூண்டில் எதையும் கீழே நீட்டாதீர்கள். கம்பிக்கு அருகே காற்றாடி விடும் பிள்ளைகளைப் பார்த்தால் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

சரி, நிற்க நல்ல இடங்கள். ஊருக்குள் என்றால் பாதைக்கு மேலே போகும் நடைபாலம். மேலிருந்து பார்த்தால் இரண்டு திசையும் தெரியும், வண்டியின் கூரையில் மின்சாரம் வாங்கும் பேன்டோகிராப் என்ற கை கம்பியைத் தொட்டு ஓடுவதும் தெரியும். நிலையத்தில் பிளாட்பாரத்துக்குள் போக டிக்கெட் வேண்டும். ஈப்போ வரை ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே போய் உட்காருவது என் வழக்கம். படம் எடுப்பதற்கு முன் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "என்சிக், காம்பார் அம்பில் போலே?" (ஐயா, படம் எடுக்கலாமா?) என்று மலாயில் சிரித்த முகத்தோடு கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் வந்துவிடுங்கள். நாளைக்கும் அவர் அங்கேதான் இருப்பார், நீங்களும் அங்கேதான் வர வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் காராய். பேராக் ஆற்றின் மேல் 1900-இல் திறந்த விக்டோரியா பாலம் அங்கே இருக்கிறது. செங்கல் தூண்கள், மேலே இரும்புக் கூடு, ஒற்றைத் தண்டவாளம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்துவிட்டு 2002-இல் ஓய்வு பெற்றது. பக்கத்திலேயே புதிய பாலம், வண்டிகள் இப்போது அதில் போகின்றன. பழைய பாலத்தின் நடைபாதையில் நின்று புதிய பாலத்தில் போகும் வண்டியைப் பார்க்கலாம்.

காலை ஏழு மணிக்கு முன் போனால் ஆற்றின் மேல் பனி கிடக்கும். முதலில் எதுவும் தெரியாது. பிறகு புதிய பாலத்தின் கம்பி லேசாக அசையும், காற்றில்லாத நேரத்தில் அது நன்றாகத் தெரியும். அடுத்து ஒரு மெல்லிய முனகல். பனிக்குள் இரண்டு வெளிச்சம். வண்டி கான்கிரீட் பாலத்தில் ஏறும்போது சத்தம் மாறும், அடித்தொண்டையில் இறங்கும். அது போன பிறகும் பழைய பாலத்தின் இரும்பில் கை வைத்தால் குளிர்ச்சியும் துருவின் சொரசொரப்பும் மட்டும்தான். அந்த இரும்பு இப்போது நடுங்குவதில்லை. ஒருமுறை அப்படி நின்றபோதுதான் 1900-இல் இதைக் கட்டியவர்கள் எந்தக் கரையில் சமைத்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு வந்தது.

மூன்றாம் படி: கையில் என்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, பென்சில், நேரம் சரியாகக் காட்டும் கைப்பேசி, தண்ணீர், தொப்பி. பேனா வேண்டாம் என்பதை நான் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் வருடம் ஒரு மாலை மழையில் மூன்று மாதக் குறிப்பு நீல நிறக் குழம்பாகிவிட்டது. பென்சில் எழுத்து நனைந்தாலும் நிற்கும். தூரத்து எண்ணைப் படிக்க ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

மழையைப் பற்றி இன்னொன்று. நம் பக்கம் பிற்பகலில் இடி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. இடி கேட்டால் பாலத்தைவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். இன்னும் ஒரு வண்டி பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள்.

நான்காம் படி: எழுதுவது

இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். படம் எடுப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எழுதுபவர்கள் குறைவு.

பக்கத்தின் மேலே நாள், கிழமை, இடம், வானிலை. அதன் கீழே ஒரு வண்டிக்கு ஒரு வரி: நேரம், வடக்கா தெற்கா, வகை, எண், பெட்டிகளின் எண்ணிக்கை, கடைசியில் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று. 'இரண்டாம் பெட்டியில் ஒரு குழந்தை கையாட்டியது' என்பதும் ஒரு குறிப்புதான். வண்டி வரும்போது ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் எஞ்சின் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னால் மறக்காது. பிறகு பெட்டிகளை எண்ணுங்கள். வண்டி போன பிறகு நேரத்தைப் பாருங்கள். பல பேர் வண்டி வந்ததும் முதலில் நேரத்தைப் பார்க்கக் குனிகிறார்கள், நிமிர்வதற்குள் எஞ்சின் போய்விடுகிறது. வீடியோ எடுக்கப் போனாலும் இதே கதைதான். முதல் வருடம் நான் எடுத்த வீடியோக்களில் பாதியில் எண் தெரியவில்லை, கண்ணாலும் நான் பார்க்கவில்லை.

எண் சரியாகத் தெரியாவிட்டால் தெரிந்த இலக்கத்தை எழுதி மற்றதற்குக் கோடு போடுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். ஒரு பொய்யான எண் நுழைந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் நம்ப முடியாது.

மாதக் கடைசியில் ஒருமுறை பக்கங்களைப் புரட்டினால் ஏதாவது ஒன்று எழுந்து வரும். ஒரே ப்ளூ டைகர் ஒரு வாரம் முழுவதும் வந்திருக்கும், பிறகு இரண்டு மாதம் காணாமல் போயிருக்கும். பத்து காஜா பட்டறைக்குப் போயிருக்குமோ என்று யோசிப்பீர்கள். திரும்பி வரும் நாளில் புது வண்ணத்தோடு வந்தால், வெளியூர் போன அண்ணன் வந்தது போல இருக்கும். பெருநாள் நெருங்கும்போது இ.டி.எஸ். ஜன்னல்களில் தலைகள் நெருக்கமாகத் தெரிவதையும் என் குறிப்புகளில் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: கால அட்டவணையும் காத்திருப்பும்

ஆள் ஏறும் வண்டிகளுக்கு ரயில் நிறுவனத்தின் செயலியில் நேரம் கிடைக்கும். அதை அச்செடுத்து நோட்டின் அட்டையில் ஒட்டிவிடுங்கள். அவ்வப்போது மாறும், தேதி போட்டு ஒட்டுங்கள், பழையதைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அதுவே ஓர் ஆவணம்.

சரக்கு வண்டிக்கு அப்படி எதுவும் வெளியில் கிடைக்காது. அங்கேதான் உங்கள் நோட்டு பேசும். மூன்று மாதம் ஒரே இடத்தில் எழுதினால் எந்தக் கிழமை, எந்த நேரத்தில் சிமெண்ட் வரக்கூடும் என்று ஒரு கணிப்பு வரும். அப்புறம் சிக்னலைப் பாருங்கள். முன்பு கைகாட்டி இறங்கினால் வண்டி வருகிறது என்று அர்த்தம், இன்று விளக்கு. சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறினால் எழுந்து நில்லுங்கள்.

காதையும் பழக்குங்கள். பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது, சக்கரம் அதில் விழும் சத்தம்தான் நம் பாட்டுகளில் வரும் தடக் தடக். இப்போது துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்து நீளமாகப் போடுகிறார்கள், அந்தத் தாளம் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் புதிய சத்தங்கள் வந்திருக்கின்றன. நிலையத்தைவிட்டுப் புறப்படும் இ.டி.எஸ். ஒரு சுரத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். பாரம் இழுக்கும் டீசலோ தரை வழியாக வரும், காதுக்கு முன் கால் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு வகையைச் சொல்லிப் பழகுங்கள். எங்கள் பாட்டிக்கு அது தெரிந்திருந்தது.

படம் எடுக்க வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: ஓடும் வண்டிக்கு ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியோ அதற்கும் குறைவாகவோ இருக்கட்டும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பிளாஷ் கூடாது, ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். ஓட்டுநர் கையசைத்தால் கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பக் கையசையுங்கள்.

ஆறாம் படி: ஊரைவிட்டு வெளியே

ஒரு வருடம் ஓரிடத்தில் எழுதிய பிறகு பயணம் போங்கள். முதலில் ஈப்போ நிலையம். ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1917-இல் முடிந்த வெள்ளைக் கட்டடம். பிறகு வடக்கே, பாடாங் ரெங்காஸ் தாண்டி பெராப்பிட் மலைக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கப்பாதை, அதன்பின் புக்கிட் மேரா ஏரியின் மேல் போகும் நீண்ட பாலம். இடது, வலது இரண்டு ஜன்னலிலும் தண்ணீர்தான். இன்னும் மேலே போனால் பாடாங் பெசார், அங்கே தாய்லாந்து எஞ்சின்களும் வரும், உங்கள் நோட்டில் புது எழுத்து ஏறும்.

தெற்கே கிம்மாஸ். மேற்குக் கரைப் பாதையும் தும்பாட் வரை போகும் கிழக்குக் கரைப் பாதையும் சேரும் இடம். கிழக்குப் பாதையில் நின்றால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் காலத்தில் அந்தப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். அதே 1942, 43-இல் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களையும் ஏற்றிப் போனார்கள், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை போட. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்திலும் ஒருவர் உண்டு, அவருக்குப் படம்கூட இல்லை. அந்தப் பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்க்கும்போது நான் எண் எதையும் எழுதுவதில்லை.

கட்டாயம் போக வேண்டிய இன்னோர் இடத்துக்கு இன்று வண்டியே கிடையாது. இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை, 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் ஓடியது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. போர்ட் வெல்ட் இன்று கோல செப்பத்தாங். தண்டவாளம் போய்விட்டது, நிலையம் போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. அந்தப் பலகையில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. தண்டவாளம் சுமந்தவர்களும், டிக்கெட் கொடுத்தவர்களும், வண்டி ஏறியவர்களும் படிக்கட்டும் என்று எழுதியது. பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: துணையும் பெரியவர்களும்

இதைத் தனியாகவும் செய்யலாம், ஆனால் ஒரு பிள்ளையோடு செய்தால் இரட்டிப்பு. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு எண் படிக்கும் வேலையைக் கொடுங்கள், நீங்கள் எழுதுங்கள். என் தங்கை மகன் அப்படித்தான் ஐந்து இலக்க எண்ணைப் படிக்கக் கற்றான். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்.

உங்கள் ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருப்பார். செந்தூல் பட்டறையிலோ, தண்டவாளம் பராமரித்த கேங்கிலோ, கேட்டு மூடியோ. ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொடுத்து, "தாத்தா, அப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். ஒற்றைப் பாதைக் காலத்தில் ஓட்டுநர் ஓடும் வண்டியிலிருந்து கையை நீட்டி வளையத்தை வாங்குவாரே, அதைப் பற்றிக் கேளுங்கள். அந்த வளையம் கையில் இல்லாமல் அடுத்த துண்டுப் பாதைக்குள் வண்டி போகக்கூடாது. ஒருவர் எனக்குத் தன் முழங்கையைக் காட்டினார், வளையம் அடித்த தழும்பு இன்னும் இருந்தது. அவர் சொன்னதையும் அதே நோட்டில், நாள் போட்டு எழுதியிருக்கிறேன்.

நோட்டு நிறைந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வேறோர் இடத்திலும் வைத்துவிடுங்கள். கரையானுக்கு ப்ளூ டைகரும் ஒன்றுதான், செம்பனை மட்டையும் ஒன்றுதான். அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் பழைய நோட்டு எந்த நாளில் முடிந்தது என்று எழுதுங்கள். என்னுடையது இப்போது பதினான்காவது. அம்மா மாலையில் வாசலில் உட்கார்ந்து, "வண்டி போயிருச்சாப்பா?" என்று இன்னமும் கேட்பார். நான் நேரத்தையும் எண்ணையும் சேர்த்துச் சொல்வேன்.